முக்கோணப் பரப்பளவு தவறாக வருகிறதா? விடையை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டுடன் வந்து உட்காருவார்கள்; ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே இடத்தில் மனைப் பத்திரத்துடனோ, கொத்தனார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுடனோ பெரியவர்கள் உட்காருவார்கள். இரு சாராரும் கொண்டுவருவதில் முக்கோணம் அடிக்கடி இருக்கும், இரு சாராரும் செய்யும் பிழைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்க வேண்டும் என்பது தெரியாமல் வருபவர் எவரும் இல்லை. தெரிந்திருந்தும் விடை தவறுகிறது. ஆகவே சூத்திரத்தை மறுபடியும் விளக்காமல், தவறான விடை எப்படித் தோற்றமளிக்கிறது, அந்தத் தோற்றத்திலிருந்து பிழை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரு சோதனை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் பக்கங்களில் சிறியவை இரண்டையும் பெருக்கிப் பாதியாக்குங்கள்; பரப்பளவு அந்த எண்ணை ஒருபோதும் தாண்டாது. ஒரு பக்கத்தை அடியாகக் கொண்டால், எதிர்முனையிலிருந்து இறங்கும் உயரம் அந்த முனையில் சேரும் மற்றொரு பக்கத்தைவிட நீளமாக இருக்க முடியாது என்பதே காரணம். பக்கங்கள் 13, 14, 15 என்றால் சோதனை எண் 13 × 14 ÷ 2, அதாவது 91. உண்மையான பரப்பளவு 84. அந்த இரண்டு சிறிய பக்கங்களும் செங்கோணத்தில் சேர்ந்தால் மட்டுமே பரப்பளவு சோதனை எண்ணைத் தொடும். கீழே வரும் பிழைகளில் பல இந்த ஒரு வரியிலேயே அகப்பட்டுவிடும் என்பதால், நோட்டின் ஓரத்தில் இதை எழுதாதவர்களின் கணக்கை நான் திருத்துவதில்லை.

விடை சரியாக இரண்டு மடங்கு, அல்லது சரியாகப் பாதி

இரண்டு மடங்கு என்றால் பாதியாக்க மறந்துவிட்டீர்கள். பாதி என்றால் இரண்டு முறை பாதியாக்கிவிட்டீர்கள். இரண்டாவது பிழை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே வருகிறது: 12-ஐ மனத்திலேயே 6 ஆக்கி எழுதிவிட்டு, சூத்திரத்தில் உள்ள அரையைப் பார்த்ததும் மறுபடியும் இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். ஆரியபட்டர் 499-இல் முக்கோணத்தின் பரப்பைச் சொன்னபோது, செங்குத்தையும் அடியின் பாதியையும் பெருக்கச் சொன்னார். அரையை அடிப்பக்கத்தோடு ஒட்டவைத்துவிடும் அந்த முறையே எனக்கும் பிடித்தமானது. அடியின் பாதியை முதலில் ஒரு வரியாக எழுதிவிட்டால், அரை தொலைவதற்கும் இரட்டிப்பதற்கும் இடமில்லை.

விடை கொஞ்சம் கூடுதலாக வருகிறது

ஓட்டுக்கூரை வீட்டின் பக்கச் சுவரில், மேலே நிற்கும் முக்கோணப் பகுதிக்குப் பூச்சு வேலை என்று வைத்துக்கொள்வோம். சுவரின் அகலம் 12 அடி. இருபுறமும் கைமரத்தை ஒட்டிய சரிவு 10 அடி. டேப்பை வைக்க வசதியான இடம் சரிவுதான் என்பதால் அதையே உயரமாக எழுதிக்கொண்டு, 6 × 10 = 60 சதுர அடி என்று கூலி பேசிவிடுகிறார்கள். முகட்டு வளையிலிருந்து தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தால், அது சுவரின் நடுவில், மூலையிலிருந்து 6 அடி தள்ளி விழும். 10-இன் வர்க்கம் 100, அதில் 36 போக 64. ஆகவே உயரம் 8 அடி, பரப்பளவு 48 சதுர அடி. பன்னிரண்டு சதுர அடிக்கு வீணாகக் கூலி போகிறது. சோதனை எண் 10 × 10 ÷ 2 = 50 என்று முன்னமே எழுதியிருந்தால், 60 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வந்திருக்கும்.

உயரம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அதனால் பிள்ளைகளைக் குத்துயரம் என்றே சொல்லப் பழக்குகிறேன். எது அடியோ அதற்குச் செங்குத்தாக நிற்பதுதான் கணக்கில் சேரும். சரிந்து வருவது எவ்வளவு நீளமானாலும் சேராது.

இதற்கு நேர் எதிரான பயம் ஒன்றும் உண்டு. மனையின் மூலை செங்கோணமாகத் தெரிகிறது, ஆனால் மூலைமட்டம் வைத்துப் பார்க்கவில்லை, அப்படியே இரண்டு பக்கங்களையும் பெருக்கிப் பாதியாக்கினால் எவ்வளவு தவறும் என்று கேட்பார்கள். அங்கே பிழை மிகச் சிறியது. 90 பாகைக்குப் பதிலாக 85 பாகையே இருந்தாலும் பரப்பளவு ஆயிரத்துக்கு நான்கு பங்குதான் குறையும். 80 பாகை என்றால் நூற்றுக்கு ஒன்றரை. 60 பாகைக்கு வரும்போது நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் குறைந்துவிடும். கண்ணுக்குச் செங்கோணமாகத் தெரியும் மூலையை, ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து இடையில் 5 அடி வருகிறதா என்று கொத்தனார்கள் பார்க்கும் முறையிலேயே பார்த்துவிட்டு மேலே போகலாம்.

விடை இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது, ஆனால் எந்த வரியிலும் தவறு தெரியவில்லை

இந்த அறிகுறி வந்தால் முக்கோணத்தில் விரிகோணம் இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 4, 13, 15 என்ற பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தை வரைந்து, 4-ஐ அடியாக வைத்துக்கொண்டாள். எதிர்முனையிலிருந்து அவள் இறக்கிய குத்துக்கோடு அடியின் மேல் விழவில்லை. வெளியே 5 அலகு தள்ளி விழுந்தது. அவள் அடிப்பக்கத்தை அதுவரை நீட்டினாள், உயரம் 12 என்று சரியாகவே கண்டுபிடித்தாள், ஆனால் நீட்டிய கோடு முழுவதையும், அதாவது 4 + 5 = 9-ஐ அடியாக எடுத்துக்கொண்டு 54 என்று முடித்துவிட்டாள். உண்மையான விடை 4-இன் பாதி பெருக்கல் 12, அதாவது 24. சோதனை எண் 4 × 13 ÷ 2 = 26 என்பதால் 54 என்பது நடக்கவே முடியாதது.

“ஐயா, கோடு முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டதே, அது எப்படி இதனுடைய உயரமாகும்?” என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. சாய்ந்து வளர்ந்த தென்னையை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். குலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க, குலைக்கு நேர் கீழே தரையில் நிற்க வேண்டும். அந்த இடம் பக்கத்து வீட்டுக் கொல்லையாகக்கூட இருக்கலாம். அங்கே நின்று அளப்பதால் அந்தக் கொல்லை நமக்குச் சொந்தமாகிவிடாது. உயரத்தை வெளியே அளந்தாலும் அடி என்பது முக்கோணத்தின் பக்கம் மட்டும்தான். நீட்டிய 5 அலகு அளப்பதற்கு நிற்கும் இடம், அவ்வளவே.

அதே நோட்டில் இன்னொரு படத்தையும் வரையச் சொன்னேன். அதே 13, அதே 15, அதே உயரம் 12. ஆனால் இம்முறை குத்துக்கோடு அடியின் உள்ளே விழட்டும். அப்போது அடி 9 + 5 = 14 ஆகிறது, பரப்பளவு 84 ஆகிறது. 9, 12, 15 என்ற செங்கோண முக்கோணத்தின் பரப்பு 54; 5, 12, 13 என்பதன் பரப்பு 30. இரண்டையும் கூட்டினால் 84, கழித்தால் 24. அவள் எழுதிய 54 என்பது கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் பாதியிலேயே நின்ற விடை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. மிக நீளமான பக்கத்தை அடியாக எடுத்துக்கொண்டால் குத்துக்கோடு எப்போதும் உள்ளேதான் விழும். மனையை நேரில் அளப்பவர்களுக்கு இது பெரிய சௌகரியம், பக்கத்து மனைக்காரரிடம் அனுமதி கேட்டு வேலிக்கு அப்பால் நிற்க வேண்டியதில்லை.

மூன்று பக்கங்களை வைத்துச் செய்தால் விடை முரண்டு பிடிக்கிறது

உயரம் தெரியாதபோது, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரானின் பெயரால் வழங்கும் சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். சுற்றளவில் பாதி எடுத்து, அதிலிருந்து மூன்று பக்கங்களையும் தனித்தனியே கழித்து, கிடைத்த மூன்றையும் அரைச்சுற்றளவையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 13, 14, 15-க்கு அரைச்சுற்றளவு 21, கழித்தால் 8, 7, 6, பெருக்கல் 7056, வர்க்கமூலம் 84. இதில் தவறிய விடையே தவறிய இடத்தைச் சொல்லிவிடும். 7056 என்று நின்றால் வர்க்கமூலம் எடுக்கவில்லை. 18-ஐ ஒட்டி வந்தால் கழித்த மூன்றை மட்டும் பெருக்கி, அரைச்சுற்றளவைப் பெருக்காமல் விட்டுவிட்டீர்கள். 960-ஐ ஒட்டி வந்தால் அரைச்சுற்றளவுக்குப் பதிலாக முழுச் சுற்றளவு 42-ஐயே வைத்துவிட்டீர்கள்.

வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து கால்குலேட்டர் பிழை என்று காட்டினால், கணக்கில் தவறு இல்லை, அளவில்தான் தவறு. 30, 15, 12 அடி என்று எழுதிவந்த சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை முறை போட்டாலும் விடை வராது, ஏனெனில் 15-ம் 12-ம் சேர்ந்தே 27 தான். 30 அடி இடைவெளியை அவை எட்டிப் பிடிக்கவே முடியாது, அப்படியொரு முக்கோணம் மூடாது. பெரும்பாலும் டேப்பின் முனை கிழிந்திருக்கும். ஓர் அடியை விட்டுப் பிடித்து அளந்தவர், கடைசியில் அந்த ஓர் அடியைக் கழிக்க ஒரு பக்கத்தில் நினைவு வைத்திருப்பார், மறு பக்கத்தில் மறந்திருப்பார். மறுபடியும் போய் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதைவிட ஆபத்தானது விடை ஒழுங்காக வந்துவிடும் இடம். மெலிந்து நீண்ட முக்கோணத்தில் ஹெரானின் சூத்திரம் சிறிய அளவுப் பிழையைப் பூதாகரமாக்கிவிடும். பக்கங்கள் 60, 35, 26 அடி என்றால் பரப்பளவு சுமார் 163 சதுர அடி. அந்த 26-ஐ டேப் தொய்ந்ததாலோ முளைக்குச்சி நகர்ந்ததாலோ 25½ என்று எழுதிவிட்டால் 115 சதுர அடி. ஆறு அங்குலத்தில் 48 சதுர அடி காணாமல் போகிறது, கிட்டத்தட்ட முப்பது சதவீதம்! அதே மனையில் 60 அடிப் பக்கத்தை அடியாக வைத்துக் குத்துயரத்தை நேரடியாக அளந்திருந்தால், அது சுமார் 5 அடி 5 அங்குலம்; அதில் அதே ஆறு அங்குலம் தவறினாலும் 15 சதுர அடிதான் பிசகும். சிறிய பக்கங்கள் இரண்டின் கூட்டுத்தொகை பெரிய பக்கத்தை ஒட்டி வந்துவிட்டால் ஹெரானை நம்பாதீர்கள். கயிறும் மூலைமட்டமும் கொண்டு குத்துயரத்தை அளந்துவிடுங்கள்.

கோணம் வைத்துச் செய்தால் குறை எண் வருகிறது

10 அடி, 12 அடி, இடையில் 30 பாகை. இரண்டு பக்கங்களின் பெருக்கலில் பாதி 60, 30 பாகையின் சைன் மதிப்பு அரை, விடை 30. கைப்பேசிக் கால்குலேட்டரில் −59.28 என்று வந்தால், அது பாகையில் அல்லாமல், கோணத்துக்கான இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறது. கணக்கு போடும் முன் சைன் 30 என்று ஒருமுறை தட்டிப் பார்த்து 0.5 வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 45 பாகைக்கு இந்தப் பிழை குறை எண்ணாக வராமல், 0.707-க்குப் பதில் 0.851 என்று நல்ல பிள்ளை போல நேர் எண்ணாகவே வரும் என்பதால் அறிகுறிக்காகக் காத்திருக்க முடியாது.

கால்குலேட்டர் சரியாக இருந்தும் விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்றால், கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் உள்ளதுதானா என்று பாருங்கள். 15-ம் அடியும் சேரும் மூலையின் கோணத்தைக் கொடுத்து, பக்கங்கள் 15, 13 என்று சொன்னால், மேலே அந்த மாணவி வரைந்த இரண்டு படங்களும் அதற்குப் பொருந்தும். பரப்பளவு 84 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். கணக்கைக் கொடுத்தவரிடம்தான் எது என்று கேட்க வேண்டும்.

ஆயத்தொலைவுகளில் செய்தால் குறை எண், அல்லது பூச்சியம்

குறை எண் வந்தால் புள்ளிகளைக் கடிகாரம் சுற்றும் திசையில் எடுத்திருக்கிறீர்கள், குறியை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பூச்சியம் வந்தால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றன, அல்லது ஒரு புள்ளியை இரண்டு முறை எழுதிவிட்டீர்கள்.

விடை சரிதானா என்று பார்க்க, முக்கோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு வெளியே மிஞ்சும் செங்கோண முக்கோணங்களைக் கழியுங்கள். (1, 1), (5, 2), (3, 6) என்றால் செவ்வகம் 4 × 5 = 20; மிஞ்சும் மூன்று முக்கோணங்கள் 2, 4, 5; ஆக 20 − 11 = 9. எங்கள் பக்கத்து வீடுகளின் பட்டாலைத் தரையில் சதுரக் கற்கள் வரிசையாகப் பதித்திருப்பதால் வரைபடத்தாளே தேவையில்லை. மூன்று கற்களின் மூலைகளில் புளியங்கொட்டையை வைத்து நூலைச் சுற்றினால் முக்கோணம் தயார். நூலுக்கு உள்ளே முழுவதுமாக விழும் மூலைகளை எண்ணி, நூலின் மேலேயே விழும் மூலைகளில் பாதியைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் பரப்பளவு கிடைத்துவிடும். மேலே சொன்ன முக்கோணத்தில் உள்ளே 8, நூலின் மேல் 4; ஆக 8 + 2 − 1 = 9. கியார்க் பிக் என்ற கணிதவியலர் 1899-இல் வெளியிட்ட தேற்றம் இது. பாடப் பகுதியில் இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு இதைப் போல உற்சாகம் தருவது வேறொன்றில்லை.

எண் சரி, அலகு தவறு

சோதனை எண் இங்கே காப்பாற்றாது, ஏனெனில் அதுவும் அதே தவறான அலகில்தான் இருக்கும். விகிதத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

விடை ஓரிரண்டு சதவீதம் மட்டும் பிசகினால், அங்குலத்தைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் எழுதியிருப்பீர்கள். 18 அடி 9 அங்குலம் என்பது 18.9 அல்ல, 18.75, 10 அடி 6 அங்குலம் என்பது 10.6 அல்ல, 10.5. இவற்றை அடியாகவும் உயரமாகவும் கொண்டால் சரியான பரப்பு 98.4, தவறாகப் போட்டால் 100.2. 9 அடி 10 அங்குலத்தை 9.10 என்று எழுதும்போது பிழை மறுபக்கம் போய், உண்மையான 9.83-ஐ 9.1 ஆக்கிவிடும்.

சதுர மீட்டரைச் சதுர அடியாக மாற்றும்போது 3.28-ஆல் ஒருமுறை மட்டும் பெருக்குவதும் சகஜம். 30 சதுர மீட்டர் 98 சதுர அடி அல்ல, 323 சதுர அடி. நீளம் இரண்டு பக்கமும் மாறுவதால் 10.764-ஆல் பெருக்க வேண்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 4.50 ஏர் என்பதை நாலரை சென்ட் என்று படித்துவிட்டுப் பதறி வந்தவர் ஒருவர் உண்டு. ஓர் ஏர் நூறு சதுர மீட்டர், சென்டோ 435.6 சதுர அடி, ஆகவே அது சுமார் 11.12 சென்ட். உங்கள் கணக்கும் பட்டாவும் 2.47 என்ற விகிதத்தில் வேறுபட்டால் நிலம் எங்கும் போய்விடவில்லை. பழைய அளவுகள் லிங்கில் இருந்தால் பயப்பட வேண்டாம். நூறு லிங்க் கொண்ட சங்கிலி 66 அடி, ஆகவே ஆயிரம் சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட். சங்கிலிக் காலத்துக் கணக்கு இன்றைய கணக்கைவிட எளிதாக இருந்தது என்றே சொல்வேன்.

நாற்கர மனையில் நம் கணக்கும் தரகர் கணக்கும் ஒத்துவரவில்லை

நகரத்தார் ஊர்களில் தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் பழைய மனைகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்ட செவ்வகங்களாக இருக்கும். அங்கே எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான். சாலை சரிவாக வெட்டும் இடத்து மனையில்தான் தகராறு. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து இரண்டையும் பெருக்குவது ஊரறிந்த வழக்கம். பக்கங்கள் வரிசையாக 45, 60, 72, 21 அடி என்றால் அந்த வழக்கப்படி 58.5 × 40.5, அதாவது 2369 சதுர அடி, ஏறத்தாழ 5.44 சென்ட்.

மூலைவிட்டத்தை அளந்து மனையை இரண்டு முக்கோணமாக்குங்கள். அது 75 அடி என்றால் ஒரு புறம் 45, 60, 75; மறு புறம் 72, 21, 75. இரண்டும் செங்கோண முக்கோணங்கள். பரப்பு 1350, 756. ஆக மொத்தம் 2106 சதுர அடி, 4.83 சென்ட். அரை சென்டுக்கு மேல் காற்றில் விற்கப்படுகிறது! செவ்வகம் தவிர்ந்த எந்த நாற்கரத்திலும் சராசரி முறை கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்பவருக்கு இந்த முறை ஏன் பிடித்திருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எகிப்தில் எட்ஃபூ கோயில் சுவரிலேயே இந்தச் சராசரிக் கணக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. பிரம்மகுப்தர் 628-இல் இதை ஸ்தூலமான (தோராயமான) பரப்பு என்று ஒதுக்கி, வர்க்கமூலம் கொண்டு காண்பதையே சூட்சுமமான (துல்லியமான) பரப்பு என்று பிரித்துச் சொன்னார்.

நான்கு பக்கங்களை மட்டும் அளந்துவிட்டு வந்து பரப்பைக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. அதே நான்கு பக்கங்களை வைத்து மனையை நெளித்துவிட்டால் பரப்பு மாறிவிடும்; மூலைவிட்டம் ஒன்று இருந்தால்தான் வடிவம் நிலைக்கும். நில அளவைத் துறையின் புலப்படத்தில் மனைக்குள் குறுக்காகக் கோடுகள் ஓடுவதும் இதற்காகத்தான்.

முக்கோண மனைக்கே சராசரி போடுவோரும் உண்டு: இரண்டு நீளப் பக்கங்களின் சராசரியை மூன்றாவதின் பாதியால் பெருக்குவார்கள். 25, 60, 65 அடி மனைக்கு 781 வரும், சரியானது 750. ஒல்லியான மனையில் பிழை சிறியதாக இருப்பதால் இந்த முறைக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. மூன்று பக்கமும் 60 அடியான மனையில் இதே முறை 1559-ஐ 1800 ஆக்கிவிடும்.

பரப்பளவு சரி, ஆனால் டைல்ஸ் போதவில்லை

பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் மாடிப்படி அடியில் இருந்த முக்கோண இடத்துக்கு ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கப் போவதாகச் சொன்னார். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6 அடி, 8 அடி. பரப்பு 24 சதுர அடி. எட்டு அங்குலச் சதுரக் கல் ஒரு சதுர அடிக்கு இரண்டேகால் வேண்டும். ஆகவே 54 கல் என்று அவரே மனக்கணக்காகச் சொல்லிவிட்டார். கணக்கில் தவறே இல்லை.

ஆனால் தரையில் பதிப்பது சதுர அடியை அல்ல, கல்லை. 6 அடியில் 9 கல், 8 அடியில் 12 கல் உட்காரும். சரிந்த ஓரம் 18 கற்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். முழுக்கல்லாக உட்காருபவை 45 மட்டுமே. வெட்டி எஞ்சும் துண்டைப் பயன்படுத்தாமல் போட்டால் 45 + 18 = 63 கல் வேண்டும். பயன்படுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. சரிந்த ஓரத்தின் ஒரு கோடியில் எஞ்சிய துண்டை அரைச்சுற்றுத் திருப்பினால், மறு கோடியில் அதே முறையில் எண்ணி வரும் இடத்தில் அது அப்படியே பொருந்தும். ஆகவே பூ வேலை இல்லாத ஒற்றை நிறக் கல்லாக இருந்தால், வெட்டும்போது உடையாமல் இருந்தால், 9 கல்லையே 18 இடத்துக்கும் ஈடுகட்டி, 54-இலேயே முடித்துவிடலாம். பூப் போட்ட கல்லாக இருந்தால், தலைகீழாகத் திருப்பினாலும் பூ மாறாமல் இருக்க வேண்டும்.

கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்யும் கல் என்பதால், பிறகு ஒன்பது மட்டும் வாங்கிவந்தால் நிறம் ஒத்துவராமல் போகலாம். ஆச்சி உள்ளே போய் மாதிரிக்கு வாங்கி வைத்திருந்த கல்லை எடுத்துவந்து முகப்புத் தரையில் வைத்தார், மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். காம்பு கீழே இருந்த பூவுக்குக் காம்பு மேலே போய்விட்டது. “அறுபத்து மூன்றே சொல்லிவிடு, உடைந்தால் மாற்ற இன்னும் ஐந்து சேர்த்துச் சொல்” என்றார்.